நான்கு பையன்களும் ஒரு துணிக்கடைக்காரரும்: பங்க் இசையின் மேனேஜர்கள்

ஓர் இசைக்குழுவைப் பற்றிப் பேச்சு வந்தால் பாடகரைச் சொல்வோம், கிடார் வாசிப்பவரைச் சொல்வோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் டிரம்ஸ்காரரையும் சேர்த்துக்கொள்வார்கள். மேனேஜர் பெயர் யார் வாயிலும் வராது. பங்க் இசையில் மட்டும் அப்படி இல்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழுவின் பெயரைச் சொன்ன அடுத்த நிமிடமே அதன் மேனேஜர் மால்கம் மெக்லாரனின் பெயரும் வந்துவிடும். அவர் பாடவில்லை, வாசிக்கவில்லை, மெட்டும் போடவில்லை. அவர் செத்துப் பதினைந்து வருடம் ஆன பிறகும் அந்தக் குழுவை உருவாக்கியது அவரா, அந்தப் பையன்களா என்ற சண்டை ஓயவில்லை. பங்க் என்றால் என்ன என்பது புரிய, இந்தச் சண்டையைப் புரிந்துகொள்வது ஒரு நல்ல வழி என்று நினைக்கிறேன்.

முதலில் பங்க் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அமெரிக்கப் பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்கு உதவாக்கரை, தறுதலை என்று பொருள். 1970களின் நடுவில் ராக் இசை பெரிய ஸ்டேடியங்களுக்குப் போய்விட்டிருந்தது. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். மேடையில் சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியங்கள் விதவிதமாக இருக்கும். வாசிப்பவர் பல வருடம் பயிற்சி எடுத்தவராக இருப்பார். கீழே நின்று கேட்கும் பதினேழு வயதுப் பையனுக்கு, தானும் அந்த மேடையில் ஏறலாம் என்ற எண்ணமே வராது. பங்க் அந்தத் தூரத்தை உடைத்தது. கிடாரில் மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) தெரிந்தால் போதும், பாட்டு இரண்டு நிமிடம், வேகம், சத்தம், மனதில் இருக்கும் கோபத்தை அப்படியே கத்திச் சொல்வது. நன்றாக வாசிக்க வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் இது கொஞ்சம் முன்பே தொடங்கிவிட்டது. நியூயார்க்கின் பவரி தெருவில் ஹில்லி கிரிஸ்டல் என்பவர் 1973 டிசம்பரில் சிபிஜிபி என்ற சின்ன கிளப்பைத் திறந்தார். நாட்டுப்புற இசைக்காகத் திறந்த இடம் அது. ஆனால் அங்கே வந்து சேர்ந்தவர்கள் ரமோன்ஸ் போன்ற பையன்கள்தான். 1976இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள், மொத்தம் 29 நிமிடம். பதிவுச் செலவு 6,400 டாலர். அந்தக் காலத்து ராக் ஆல்பங்களோடு ஒப்பிட்டால் அது டீ செலவு.

ரமோன்ஸுக்கும் ஒரு மேனேஜர் இருந்தார். பெயர் டேனி ஃபீல்ட்ஸ். 1968இலேயே எம்சி5, ஸ்டூஜஸ் என்ற இரண்டு குழுக்களை ஒரு பெரிய கம்பெனி ஒப்பந்தம் செய்யக் காரணமாக இருந்தவர். பங்க்குக்கு விதை போட்ட குழுக்கள் அவை. ரமோன்ஸ் பையன்கள் புது டிரம்ஸ் வேண்டும் என்றபோது தன் அம்மாவிடம் 3,000 டாலர் வாங்கி வந்து கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த பங்க் மேனேஜர் இவர்தான். இசை பிடித்தது, அதற்காக அலைந்தார், தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளவில்லை. அதனாலேயே அவர் பெயர் நிறையப் பேருக்குத் தெரியாமல் போனது.

மேனேஜர் என்பவர் பொதுவாக என்ன செய்வார்? கச்சேரிக்கு இடம் பிடிப்பார். வேனுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்பாடு செய்வார். இசைத்தட்டுக் கம்பெனியோடு பேரம் பேசுவார். வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். இதில் ‘முன்பணம்’ என்று ஒன்று இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கதை புரியாது. கம்பெனி 40,000 பவுண்டு முன்பணம் கொடுத்தது என்றால் அது பரிசு இல்லை. இசைத்தட்டு விற்று வரும் உரிமைத்தொகையிலிருந்து அந்தக் காசைக் கழித்துக்கொள்வார்கள். அது முடிந்த பிறகுதான் பையன்கள் கைக்கு ஏதாவது வரும். வாங்கிய முன்பணம் எங்கே போகிறது, யார் கணக்கில் கிடக்கிறது என்பது மேனேஜர் கையில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

430, கிங்ஸ் ரோடு

மெக்லாரன் 1946இல் லண்டனில் பிறந்தவர். பாட்டி வளர்த்த பிள்ளை. ஓவியக் கல்லூரிகள் பலவற்றில் படித்தார். அங்கே சிச்சுவேஷனிஸ்டுகள் என்ற பிரெஞ்சுக் கலகக்காரர்களின் கருத்துகள் அவரைப் பிடித்துக்கொண்டன. செய்தியும் விளம்பரமும் நிறைந்த உலகத்தை அதே செய்தியையும் விளம்பரத்தையும் வைத்தே கவிழ்க்கலாம் என்பது அவர்களுடைய வாதம். பாட்டு, உடை, போஸ்டர், வம்பு எல்லாம் சேர்ந்ததே ஒரு கலைப்படைப்பு என்று மெக்லாரன் எடுத்துக்கொண்டார். அவர் பிற்பாடு செய்த எல்லாவற்றுக்கும் அடி இங்கேதான்.

1971இல் அவரும் விவியன் வெஸ்ட்வுட்டும் லண்டன் கிங்ஸ் ரோடு 430ஆம் எண்ணில் ஒரு துணிக்கடை போட்டார்கள். அந்தக் கடைக்கு அடிக்கடி பெயர் மாறியது. முதலில் டெடி பாய் என்று பெயர் வாங்கிய ஐம்பதுகளின் இளைஞர்கள் போட்ட மாதிரி கோட்டுகள், அப்புறம் மோட்டார் சைக்கிள்காரர்களின் தோல் ஜாக்கெட்டுகள். 1974இல் வாசலுக்கு மேல் பெரிய இளஞ்சிவப்பு எழுத்துகளில் ‘செக்ஸ்’ என்றே பெயர் எழுதி வைத்தார்கள். உள்ளே ரப்பர் உடைகள், கிழித்து ஊக்கு குத்திய சட்டைகள். வெஸ்ட்வுட் தையலில் உட்கார்ந்தவர், பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய உடை வடிவமைப்பாளர் ஆனார். பங்க் என்றதும் நம் கண்முன் வரும் தோற்றத்தில் பெரும்பங்கு அவருடைய கைவேலை. மெக்லாரனைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவது எனக்கு வருத்தம்.

நடுவில் மெக்லாரன் நியூயார்க் போய், நியூயார்க் டால்ஸ் என்ற குழுவைச் சில மாதம் பார்த்துக்கொண்டார். அவர்களுக்குச் சிவப்புத் தோல் உடை மாட்டி, பின்னால் கம்யூனிஸ்ட் கொடியைக் கட்டி மேடையேற்றினார். அமெரிக்கர்கள் ரசிக்கவில்லை, குழு சிதறியது. ஆனால் அங்கே ரிச்சர்ட் ஹெல் என்ற இசைக்கலைஞரைப் பார்த்திருந்தார். குத்திட்டு நிற்கும் முடி, கிழிந்த டி-ஷர்ட். அந்தத் தோற்றத்தை மனதில் ஏற்றிக்கொண்டு லண்டன் திரும்பினார்.

கடையைச் சுற்றி ஏற்கெனவே பையன்கள் இருந்தார்கள். ஸ்டீவ் ஜோன்ஸ், பால் குக் இருவரும் பள்ளி நண்பர்கள், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கிளென் மேட்லாக் சனிக்கிழமைகளில் கடையில் வேலை பார்த்தவர். பாடகர்தான் இல்லை. 1975 ஆகஸ்டில் ஜான் லைடன் என்ற பையன் கண்ணில் பட்டான். பச்சை முடி. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டி-ஷர்ட் போட்டிருந்தான், அந்தப் பெயருக்கு மேலே ‘எனக்கு வெறுப்பு’ என்று தன் கையால் எழுதியிருந்தான். பெரிய கம்பெனி விற்ற சட்டை, அதன்மேல் பையன் கிறுக்கிய இரண்டு சொல். பங்க் என்றால் என்ன என்று ஒரே படத்தில் காட்டச் சொன்னால் நான் அந்தச் சட்டையைத்தான் காட்டுவேன். கடையிலிருந்த ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுப் பெட்டியில் ஆலிஸ் கூப்பர் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, கூடவே பாடச் சொன்னார்கள். பாட்டு என்று சொல்ல முடியாதபடி உடம்பை முறுக்கிக்கொண்டு கத்தினான். அவனையே சேர்த்துக்கொண்டார்கள். மேடைப் பெயர் ஜானி ராட்டன்.

1975 நவம்பர் 6ஆம் தேதி செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியக் கல்லூரியில் முதல் கச்சேரி. மேட்லாக் அங்கே மாணவர். சில பாட்டுகள்தான் ஆகியிருக்கும், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள்.

சத்தத்தைச் செய்தியாக்கியது

மெக்லாரனின் திறமை இங்கேதான் தெரிகிறது. நல்ல கிளப்புகளில் இடம் கேட்டு நடக்கும் வழியை அவர் விட்டுவிட்டார். ஒவ்வொரு கச்சேரியும் மறுநாள் பேச்சாக வேண்டும் என்று பார்த்துக்கொண்டார். ஓவியக் கல்லூரி நண்பர் ஜேமி ரீட், செய்தித்தாள் எழுத்துகளை வெட்டி ஒட்டி, கடத்தல்காரன் அனுப்பும் மிரட்டல் கடிதம் மாதிரி போஸ்டர் செய்தார். இன்றைக்கும் ‘கலகம்’ என்று காட்ட வேண்டுமானால் வடிவமைப்பாளர்கள் அந்த எழுத்தைத்தான் எடுக்கிறார்கள்.

1976 அக்டோபரில் ஈஎம்ஐ என்ற இசைத்தட்டுக் கம்பெனி 40,000 பவுண்டு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. டிசம்பர் 1ஆம் தேதி மாலை, குயின் குழு வர முடியாமல் போனதால் கடைசி நேரத்தில் பிஸ்டல்ஸை ஒரு தொலைக்காட்சி நேரலைக்கு அழைத்தார்கள். தொகுப்பாளர் பில் கிரண்டி பையன்களைச் சீண்டினார். ஏதாவது அசிங்கமாகச் சொல்லேன் என்று அவரே தூண்டிவிட, ஜோன்ஸ் சொல்லிவிட்டார். வீடுகளில் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நேரம் அது. லண்டன் பகுதியில் மட்டும் ஒளிபரப்பான நிகழ்ச்சி, மறுநாள் காலை நாடு முழுவதும் முதல் பக்கச் செய்தி. கோபத்தில் தன் டிவியை உதைத்து உடைத்த லாரி டிரைவர் கதையும் அதில் இருந்தது.

அடுத்து வந்த சுற்றுப்பயணத்தில் பெரும்பாலான ஊர்கள் கதவைச் சாத்தின. வேல்ஸில் கர்ஃபிலி என்ற ஊரில் கச்சேரி நடந்த தியேட்டருக்கு வெளியே மக்கள் கூடி நின்று கிறிஸ்துமஸ் கீதங்கள் பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஜனவரியில் ஈஎம்ஐ கழற்றிவிட்டது. மார்ச்சில் ஏ அண்ட் எம் கம்பெனி, பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து நிகழ்ச்சி. ஒரு வாரத்தில் அந்தக் கம்பெனியும் பயந்து விலகியது. அச்சடித்திருந்த 25,000 இசைத்தட்டுகளில் பெரும்பாலானவற்றை அழித்தார்கள். தப்பித்த சில பிரதிகளைச் சேகரிப்பவர்கள் இன்று ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுத்து வாங்குகிறார்கள். கடைசியில் வர்ஜின் கம்பெனி.

1977 ராணி எலிசபெத் அரியணை ஏறி 25 வருடம் ஆனதைக் கொண்டாடிய ஆண்டு. அந்த நேரம் பார்த்து அரச ஆட்சியைச் சாடும் பிஸ்டல்ஸின் ‘காட் சேவ் த குயின்’ பாட்டு வந்தது. பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. ஜூன் 7 அன்று மெக்லாரன் தேம்ஸ் நதியில் ஒரு படகை வாடகைக்கு எடுத்தார். படகின் பெயரும் குயின் எலிசபெத். நாடாளுமன்றம் பக்கமாகப் போய்க்கொண்டே குழு வாசித்தது. போலீஸ் படகுகள் சூழ்ந்து கரைக்குத் திருப்பின. மெக்லாரன் உட்படப் பலர் கைதானார்கள். வானொலியில் வராத அந்தப் பாட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. கடை ஒன்றில் ஒட்டிய பட்டியலில் அந்தப் பாட்டின் இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். தடையும் ஒரு விளம்பரம் ஆகும் என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். இசையில் அதைத் தெரிந்தே தொழிலாகச் செய்து காட்டியவர்களில் மெக்லாரனுக்கு முக்கியமான இடம் உண்டு.

எல்லாம் நான் போட்ட திட்டம் என்றுதான் அவர் பின்னாளில் சொல்லிக்கொண்டார். 1980இல் வந்த ‘தி கிரேட் ராக் அண்ட் ரோல் ஸ்விண்டில்’ படத்தில், ஒன்றும் வாசிக்கத் தெரியாத பையன்களை வைத்துக் கம்பெனிகளை ஏமாற்றினேன் என்று பாடம் பாடமாக விளக்குகிறார். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கிரண்டி நிகழ்ச்சி முடிந்த மாலை மெக்லாரன் கலங்கிப்போயிருந்தார் என்று குழுவில் இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் பத்திரிகைகளைப் பார்த்த பிறகுதான் அது வெற்றி ஆனது. பாட்டுகளும் அவர் எழுதியவை இல்லை. மேட்லாக்குக்கு மெட்டு அமைக்கும் காது இருந்தது. லைடனின் வரிகளை இன்று படித்தாலும் சுள்ளென்று இருக்கும். ஜோன்ஸின் கிடாரைக் கேளுங்கள், வாசிக்கத் தெரியாதவர் வாசிப்பு மாதிரியா இருக்கிறது? அந்தப் படத்தை இயக்கிய ஜூலியன் டெம்பிளே 2000ஆம் ஆண்டில் குழுவின் தரப்பைக் கேட்டு இன்னொரு படம் எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது.

இப்போது அந்த முன்பணத்துக்கு வருவோம். 1977 தொடக்கத்தில் மேட்லாக் விலக, அந்த இடத்துக்கு சிட் விஷியஸ் வந்தார். பார்க்க அசல் பங்க், ஆனால் பாஸ் கிடார் சரியாக வாசிக்க வராது. போதைப் பழக்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. 1978 ஜனவரியில் அமெரிக்கப் பயணம், சான் பிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரி, அங்கேயே குழு உடைந்தது. சம்பாதித்த காசு எங்கே என்று கேட்டு லைடன் வழக்குப் போட்டார். அதில் கணிசமான பகுதி படம் எடுப்பதில் போயிருந்தது. சிட் 1979 பிப்ரவரி 2இல் ஹெராயின் அதிகமாகி இறந்தார். வயது 21. வழக்கு 1986இல்தான் முடிந்தது, பாட்டுகளின் உரிமையும் பணமும் குழுவுக்கே வந்தன. குழுவை ஒரு கலைப்படைப்பாகப் பார்த்தவருக்கு, அந்தப் படைப்பு ரத்தமும் சதையுமான இருபது வயதுப் பிள்ளைகள் என்பது கண்ணில் படவே இல்லை. மெக்லாரன் விட்டுப்போனதில் இந்தக் கணக்கும் ஒன்று.

மான்செஸ்டரில் முளைத்தது

பிஸ்டல்ஸ் கதையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் 1976 ஜூன் 4. மான்செஸ்டரில் ஹவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு மாணவர்கள் லண்டன் போய் பிஸ்டல்ஸைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹால் என்ற சின்ன அரங்கம், டிக்கெட் 50 பென்ஸ். வந்தது சில பத்துப் பேர்தான். மெக்லாரனே வாசலில் நின்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சின்னக் கூட்டத்தில் இருந்த பீட்டர் ஹுக் மறுநாளே போய் ஒரு பாஸ் கிடார் வாங்கினார். அவரும் அன்று கூட வந்திருந்த பெர்னார்ட் சம்னரும் சேர்ந்ததுதான் ஜாய் டிவிஷன், அப்புறம் நியூ ஆர்டர். ஸ்மித்ஸ் குழுவின் மாரிஸ்ஸியும் அங்கே இருந்தார். இவர்களே வாசிக்கும்போது நாம் ஏன் வாசிக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு அவர்கள் வீடு திரும்பியிருக்க வேண்டும்.

கூப்பிட்ட மாணவர்கள் இருவரும் பஸ்காக்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய மேனேஜர் டெவோட்டோவின் நண்பர் ரிச்சர்ட் பூன். லண்டன் கம்பெனிகளின் வாசலில் நிற்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. சுமார் 500 பவுண்டு கடன் வாங்கினார்கள். 1976 டிசம்பர் 28 அன்று ஒரே நாளில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். நியூ ஹார்மோன்ஸ் என்று சொந்த லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) போட்டு, 1977 ஜனவரி கடைசியில் 1,000 பிரதிகள் அச்சடித்தார்கள். பெயர் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’. அட்டைப்படம் பூன் எடுத்த போலராய்டு. அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் அது எத்தனையாவது முயற்சியில் எடுத்தது, மேலே கூடுதலாகக் கிடார் சேர்த்தார்களா இல்லையா என்று அச்சடித்திருந்தார்கள். இசைத்தட்டு என்பது மாயம் ஒன்றும் இல்லை, இப்படித்தான் செய்தோம், நீங்களும் செய்யலாம் என்று செய்முறையோடு விற்ற இசைத்தட்டு அது.

ஷெல்லியின் கிடார் மேல்பகுதி உடைந்துபோன மலிவு கிடார். ‘போர்டம்’ என்ற பாட்டின் நடுவில் வரும் அவருடைய தனி வாசிப்பில் இரண்டே ஸ்வரங்கள். அதையே திருப்பித் திருப்பி அடிக்கிறார். முதல் தடவை கேட்டபோது ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் தடவை அந்த இரண்டு ஸ்வரத்துக்காகவே காத்திருந்தேன்.

அந்த 1,000 பிரதிகளும் வேகமாகத் தீர்ந்தன, திரும்பத் திரும்ப அச்சடித்ததில் விற்பனை 16,000ஐத் தொட்டது. அதைப் பார்த்து பிரிட்டன் முழுக்கப் பையன்களும் பெண்களும் சொந்தமாக இசைத்தட்டு போட ஆரம்பித்தார்கள். இன்று ‘இண்டி’ என்று சொல்கிறோமே, அந்த வழக்கம் இப்படித்தான் பரவியது. மெக்லாரன் பெரிய கம்பெனிகளிடம் போய் வம்பு செய்தார். பூன் கம்பெனி இல்லாமலே காரியத்தை முடித்தார். என்னைக் கேட்டால் பங்க்கின் நீண்டகாலச் சொத்து இரண்டாவது வழிதான். ஆனால் மெக்லாரன் பிஸ்டல்ஸைக் கூட்டிக்கொண்டு மான்செஸ்டர் வராமல் இருந்திருந்தால் பூனுக்கும் வேலை இருந்திருக்காது.

அதன் பிறகும் மெக்லாரன் சும்மா இருக்கவில்லை. ஆடம் அண்ட் தி ஆன்ட்ஸ் குழுவிலிருந்து வாசிப்பவர்களைப் பிரித்து பௌ வௌ வௌ என்று புதுக்குழு போட்டார். பாட வந்தது, லாண்டரியில் வேலை பார்த்த 13 வயதுச் சிறுமி. வீட்டில் கேசட்டில் பாட்டுப் பதிந்துகொள்வதைக் கொண்டாடும் பாட்டை அவர்கள் 1980இல் வெளியிட்டார்கள். கம்பெனிகள் அதைத் திருட்டு என்று கத்திக்கொண்டிருந்த நேரம். ஆனால் அந்தச் சிறுமியை வயதுக்கு ஒவ்வாத விதத்தில் விளம்பரப்படுத்தினார், அவளுடைய தாய் போலீஸ் வரை போக வேண்டியதாயிற்று. 1982இல் தன் பெயரிலேயே ‘பஃபலோ கேல்ஸ்’ வெளியிட்டார். பிரிட்டனில் பலர் ஹிப்-ஹாப்பையும் இசைத்தட்டைக் கீறும் சத்தத்தையும் முதலில் கேட்டது அதில்தான். அடுத்து வந்த ஆல்பத்தில் தென்னாப்பிரிக்கக் கலைஞர்களின் மெட்டை எடுத்துக்கொண்டு உரிய பெயர் போடவில்லை என்று தகராறு வந்தது. புதியதை எல்லாருக்கும் முன்னால் பார்க்கும் கண்ணும், அதைச் செய்தவருக்குப் பங்கு கொடுக்காத கையும் அவரிடம் கடைசி வரை சேர்ந்தே இருந்தன. 2010 ஏப்ரல் 8இல் இறந்தார், லண்டன் ஹைகேட் கல்லறையில் புதைத்தார்கள்.

2016 நவம்பர் 26, பிஸ்டல்ஸின் முதல் இசைத்தட்டு வந்து சரியாக 40 வருடம். மெக்லாரன், வெஸ்ட்வுட் இருவரின் மகன் ஜோ கொரே, தேம்ஸ் நதியில் ஒரு படகில் பழைய பங்க் உடைகளையும் பொருட்களையும் குவித்துத் தீ வைத்தார். 50 லட்சம் பவுண்டு மதிப்பு என்றார். பங்க் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது என்பது அவருடைய கோபம். கோபம் புரிகிறது, ஆனால் எரிந்தவற்றில் அம்மாவின் தையலும் இருந்திருக்குமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

நமக்கு நெருங்கிய ஒரு கிளையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டன் போன மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ என்ற பெயரில் பாடுபவர், படித்தது பிஸ்டல்ஸ் முதலில் வாசித்த அதே செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியின் பிற்கால வடிவத்தில். அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் அடியோட்டமாக ஓடும் இசை, தி கிளாஷ் என்ற பங்க் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தது. அந்தக் குழுவை ஒன்றுசேர்த்து நடத்திய மேனேஜர் பெர்னி ரோட்ஸ், மெக்லாரனின் பழைய கூட்டாளி.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: முதலில் ரமோன்ஸின் அந்த 29 நிமிடம். அப்புறம் பிஸ்டல்ஸின் ஒரே முழு ஆல்பம், 1977 அக்டோபரில் வந்தது, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கடைசியாக ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’. நான்கு பாட்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போல ஆகும். அந்த இரண்டு ஸ்வரம் வரும்போது சத்தத்தைக் கூட்டிவையுங்கள்.